படிக்கட்டில் எடுக்கும் போன்

எங்கள் அலுவலகம் சென்னை ஓஎம்ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருக்கிறது. லிப்டுக்குப் பின்னால், தீப்பிடித்தால் இறங்கி ஓட ஒரு படிக்கட்டு உண்டு. கனமான இரும்புக் கதவு. தள்ளிக்கொண்டு வெளியே போனால் தானாகச் சாத்திக்கொள்ளும். கார்டு இல்லாமல் திரும்ப உள்ளே வர முடியாது. ஏசி கிடையாது, சுவரில் சுண்ணாம்பு வாசனை, பேசினால் நாலு மாடிக்கு எதிரொலிக்கும். சம்பள வேலையோடு சேர்த்து நான் நடத்தும் ப்ரீலான்ஸ் வாழ்க்கையின் முக்கியமான கட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கின்றன.

2023ல் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11.10. ஸ்டாண்டப் என்ற தினசரி டீம் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் முறைக்கு இன்னும் இரண்டு பேர். கரூரிலிருந்து போன். கட் செய்தேன். மறுபடி வந்தது, மறுபடி கட். மூன்றாவது முறை வந்தபோது போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன்.

"தம்பி, சரக்கு வாங்குற பையர் எதிர்ல உக்காந்திருக்காருங்க. சைட்டைத் திறந்தா வெள்ளையா வருதுங்க."

"வெறும் வெள்ளையாங்களா அண்ணா, இல்ல ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"சலவை பண்ணுன மாதிரி வெள்ளைங்க தம்பி."

அவர் கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துண்டும் நெய்து ஏற்றுமதி செய்பவர். 2016ல் அவருக்கு ஒரு வெப்சைட் செய்துகொடுத்தேன். அப்போது நான் எழுதிய விசாரணைப் படிவத்தில் 'ஈச்' என்றொரு ஃபங்ஷனை, சைட் எழுதும் மொழியான பிஎச்பியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருந்தேன். அந்த மொழியின் 7.2 பதிப்பிலேயே இனிமேல் இதைத் தொடாதீர்கள் என்று எச்சரித்தார்கள். 8ல் அடியோடு தூக்கிவிட்டார்கள். 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. சைட்டைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரர்கள் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பொறுத்திருந்துவிட்டு, முந்தைய நாள் ராத்திரி சர்வரை 8க்கு மாற்றியிருக்கிறார்கள். மெயில் அனுப்பியிருந்தார்கள். நானும் படித்துவிட்டு, சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். அந்தப் படிவம் எல்லாப் பக்கத்தின் அடியிலும் இருந்ததால் சைட் மொத்தமாகப் படுத்துவிட்டது.

படியில் உட்கார்ந்து, போனிலேயே சிபேனல் என்ற சர்வர் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, பிஎச்பி பதிப்பு என்ற கட்டத்தில் 7.4ஐத் திரும்ப வைத்தேன். 14 நிமிடம். "வந்துருச்சுங்க தம்பி" என்று அவர் சொன்ன பிறகுதான், கார்டை மேஜை மேலேயே விட்டுவிட்டு வந்திருப்பது தெரிந்தது. ஆறு மாடியும் இறங்கி, ரிசப்ஷன் வழியாகச் சுற்றி, செக்யூரிட்டியிடம் கையெழுத்துப் போட்டு மேலே வந்தேன். டீம் லீட் எங்கே போனாய் என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

வேலையோடு சேர்த்து ப்ரீலான்ஸும் செய்ய முடியுமா என்று ஜூனியர் பையன்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்தச் செவ்வாய்க்கிழமைதான். நேரம் கிடைக்குமா, எந்த ஃப்ரேம்வொர்க் கற்றுக்கொள்ள வேண்டும், மணிக்கு எவ்வளவு கேட்கலாம் என்பார்கள். நேரமெல்லாம் கிடைக்கும். ஒன்பதரைக்குக் குழந்தை தூங்கிய பிறகு இரண்டு மணி நேரம், சனிக்கிழமை ஒரு பாதி. புரோகிராம் கோடு எழுத ராத்திரி போதும். பதில் சொல்லத்தான் பகல் வேண்டும். அந்தப் பகலை ஏற்கெனவே மாதச் சம்பளத்துக்கு விற்றாகிவிட்டது. கிளையன்ட் காசு கொடுப்பது கோடுக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் கொடுப்பது, கூப்பிட்டால் எடுப்பான் என்ற நம்பிக்கைக்கு.

ஆரம்பித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. 2014ல் வேலைக்குச் சேர்ந்தேன், சம்பளம் வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் சரியாக இருந்தது, மாமா ஒருவர் கரூர் அண்ணாவிடம் "எங்க பையன் கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான்.

பத்துப் பக்கம், 12,000 ரூபாய் என்று பேசினோம். சைட்டின் பெயரான டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் உள்ளடக்கம் என்று நானாகவே வாயைக் கொடுத்ததில் 3,500 கையைவிட்டுப் போனது. ஆறு வாரத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன்: 85. மீதி 8,500ஐ வகுத்தால் மணிக்கு 100 ரூபாய். அந்த வருடம் எங்கள் தெரு பிளம்பர் வந்து குழாயை எட்டிப் பார்க்கவே 200 வாங்கினார். போனில் பேசிய நேரத்தை நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

பாதி அட்வான்ஸ், பாதி முடிந்ததும் என்பது ஏற்பாடு. இந்த 'முடிந்ததும்' என்ற சொல்லை எந்தப் புது ஆளும் கொட்டேஷனில் எழுதக்கூடாது. என் பக்கம் வேலை முடிந்துவிட்டது, ஆனால் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு அவர் எழுதித் தர வேண்டும். "கிறிஸ்துமஸ் ஷிப்மென்ட் போகட்டும் தம்பி" என்றார். ஷிப்மென்ட் போனது, கிறிஸ்துமஸும் போனது, பொங்கல் வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் அப்பா கைத்தறியில் ஆரம்பித்த கதையைச் சொல்லச் சொல்லி நானே எழுதினேன். நாலு மாதம் கழித்து அந்த 6,000 வந்தது. இப்போதெல்லாம் 40, 40, 20 என்று மூன்றாகப் பிரிக்கிறேன். கடைசி இருபது, சைட் மேலேறி 30 நாளில். அவர்கள் பக்கத்திலிருந்து எழுத்து வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

நடுவில் வெளிநாட்டு வேலைக்கும் போய்ப் பார்த்தேன். ப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் தளம், ஓடெஸ்க் என்றிருந்தது 2015ல் அப்வொர்க் ஆனது. அடுத்த வருடமே கமிஷனை மாற்றினார்கள்: ஒரு கிளையன்டிடம் முதல் 500 டாலர் சம்பாதிக்கும் வரை 20%, அதற்கு மேல் 10%, பத்தாயிரத்தைத் தாண்டினால் 5%. சின்னச் சின்ன வேலையாக எடுத்த என்னைப் போன்றவர்களுக்கு எப்போதுமே இருபதுதான். 2023ல் எல்லோருக்கும் பத்து என்று ஆக்கினார்கள்; அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். ஆனால் அங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். கலிபோர்னியாக்காரருக்குக் காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9.30. அலுவலகம் முடிந்து, சாப்பிட்டு, குழந்தையைத் தூங்கவைத்த நேரத்துக்கு அவர் வேலைக்கு வருகிறார். போன் செய்தால் தாராளமாக எடுக்கலாம். லண்டன்காரர்தான் ஆகாது. கோடையில் அவர் காபியோடு உட்காரும்போது நமக்கு மதியம் 1.30, அதிலிருந்து நம் அலுவலக நேரம் முடியும்வரை அவர் விழித்திருப்பார். கலிபோர்னியாவிலும் ஒரு தொல்லை உண்டு. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், 9.30 மீட்டிங் 10.30 ஆகும். அவர்கள் ஊர் குளிர்காலத்துக்கு என் தூக்கம் போகும்.

2022 வரை இதெல்லாம் யாரும் பேசாத விஷயம். பக்கத்து சீட்காரர் கோச்சிங் கிளாஸ் எடுப்பார், இன்னொருவர் மனைவி பெயரில் ஆன்லைன் கடை வைத்திருப்பார். அந்த ஆகஸ்டில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, வேலையில் இருந்துகொண்டே வெளி வேலை பார்ப்பது ஏமாற்றுதான் என்று ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதம், போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்த 300 பேரைக் கண்டுபிடித்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இன்போசிஸ் இரட்டை வாழ்க்கை கூடாது என்று மெயில் போட்டது. அக்டோபரில் அதே இன்போசிஸ், மேலாளரிடம் முன் அனுமதி வாங்கினால் சின்ன வேலைகள் செய்யலாம் என்றது. 'மூன்லைட்டிங்' என்ற சொல்லை என் அம்மா டிவியில் கேட்டுவிட்டு, "நீ பண்றதுதானே அது?" என்று போனில் கேட்டாள்.

இரண்டையும் போட்டுக் குழப்பினார்கள் என்பது என் எண்ணம். இரண்டு கம்பெனியில் ஒரே நேரத்தில் முழுநேரச் சம்பளம் வாங்குவது ஒன்று. அங்கே பிஎஃப் பிடித்தால் இரண்டும் ஒரே யுஏஎன்னில், அதாவது ஒரே பிஎஃப் எண்ணில், வந்து நிற்கும். ராத்திரி ஒரு துணிக்கடைக்கு சைட் செய்வது வேறு. அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948ல் இரட்டை வேலைக்குத் தடை இருந்தது, ஆனால் அது தொழிற்சாலைத் தொழிலாளிக்கு. நம்மை நேராகப் பிடிப்பது நாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர். என்னுடையதை எட்டு வருடம் கழித்து அப்போதுதான் எடுத்துப் படித்தேன். "எழுத்துபூர்வ முன் அனுமதியின்றி" என்று ஏழாவது பக்கத்தில் இருந்தது.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். துணிச்சல் என்று சொல்ல முடியாது, பயம் தாங்க முடியவில்லை. ஹெச்ஆரில் அதற்கென ஒரு படிவமே இருந்தது. அதை யாரும் நிரப்பிப் பார்த்ததில்லை போல, எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது, மூன்று நிபந்தனைகளோடு. எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்களோடும் போட்டியாளர்களோடும் வேலை கூடாது. கம்பெனி லேப்டாப்பைத் தொடக்கூடாது. அலுவலக நேரத்தில் கூடாது.

மூன்றாவதைப் படித்தபோது கரூர் அண்ணாவின் முகம் கண் முன் வந்து போனது. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது இதற்குச் சில மாதம் கழித்துத்தான். வயிறு சரியில்லை என்ற பொய், அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது.

இரண்டாவது நிபந்தனையிலும் ஒரு தடவை சறுக்கியிருக்கிறேன். லேப்டாப் என்னுடையதுதான். ஆனால் கோவிட் சமயத்தில் அலுவலக வேலைக்காகக் கொஞ்ச நாள் அதைப் பயன்படுத்தியபோது, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் அலுவலக ஈமெயிலைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு கிளையன்டுக்குச் செய்த வேலையில் 23 கமிட்டும், அதாவது 23 பதிவும், அலுவலக முகவரியோடு ஏறிவிட்டன. பதிப்புரிமைச் சட்டம் 1957ன் 17ஆம் பிரிவுப்படி, வேலையின் ஒரு பகுதியாகச் செய்ததற்கு முதல் உரிமையாளர் முதலாளி. இது வேலையின் பகுதியில்லை என்று வாதாடி ஜெயிக்கலாம்தான். ஆனால் 23 இடத்தில் கம்பெனி பெயரை ஒட்டிவைத்துவிட்டு எதற்கு வாதாட வேண்டும்? ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து வரலாற்றையே திருத்தி எழுதினேன். அப்புறம்தான் 19ஆம் பிரிவையும் படித்தேன். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள். என் ஒப்பந்தம் எதிலும் காலம் இல்லை. ஒப்பந்தமே பாதிப் பேரிடம் இல்லை, வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல்தான்.

கார்டை மறந்த அன்று ராத்திரியே எல்லாக் கிளையன்டுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். காலை 8 முதல் 9, இரவு 8 முதல் 9.30, இந்த நேரத்தில் மட்டும் போன் எடுப்பேன், நடுவில் சைட் விழுந்தால் தற்காலிகமாகத் தூக்கி நிறுத்த ஹோஸ்டிங் கம்பெனியின் எண் இது. ஏழு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர், ஒரு கல்யாண மண்டபக்காரர், "நீங்க ரொம்பப் பெரிய ஆளாயிட்டீங்க சார்" என்றார். தம்பி என்று கூப்பிட்டவர் சார் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

போனவர்களின் இடத்தை நிரப்ப, போன் அடிக்காத வேலையாகத் தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு எழுத்துரு வேலை.

ஒரு சிறிய பதிப்பாளர். பதினைந்து வருடப் புத்தகங்கள் அவரிடம் வேர்டு கோப்புகளாக இருந்தன, எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. சைட்டில் ஏற்ற, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு வேண்டும். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரியும். உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றினால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, அவரும் போட்டுப் பார்த்திருக்கிறார். புத்தகத்தில் நடுநடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக்கி, எந்த மொழியிலும் இல்லாத ஏதோ ஒன்றைக் கக்கிவிட்டன.

டாக்எக்ஸ் வகை வேர்டு கோப்பு என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரை, ஒவ்வொரு சொல்துண்டுக்கும் அது எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று தனியாக எழுதியிருக்கும். பாமினி என்று இருப்பதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. கேட்க எளிது. அடுத்த சிக்கல் கொம்பு. பாமினியில் கண்ணால் பார்க்கும் வரிசையில் அடிப்பார்கள்: 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் துணைக்கால். யூனிகோடில் 'க' முதலில் வர வேண்டும், பின்னால் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. எனவே துணைக்காலைப் பார்த்தால் இரண்டு எழுத்து பின்னால் போய்க் கொம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஒள' சிக்கலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை இன்று முடியாது. அடித்தவர் ஒரு சொல்லின் பாதியை வேறு எழுத்துருவில் விட்டிருப்பார். கொம்பு ஒரு துண்டிலும் 'க' இன்னொரு துண்டிலும் நிற்கும். அதற்கே ஒரு சனி, ஞாயிறு போனது.

41 புத்தகம். 25,000 ரூபாய் கொடுத்தார். இரண்டு மாதத்தில் அவர் ஒரு முறைகூட என்னைக் கூப்பிடவில்லை. பிழைகளை ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து, ராத்திரி அனுப்புவார். அவருக்கும் பகலில் வேறு வேலை இருந்தது என்று நினைக்கிறேன்.

வரி பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் என் ஆடிட்டர் கோபித்துக்கொள்வார். 2018ல் ஒரு விளம்பர ஏஜென்சி 60,000 ரூபாய் வேலைக்கு 10% டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 54,000 அனுப்பியது. நான் வழக்கம்போல சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 போட்டேன். வரித்துறையின் 26ஏஎஸ் பட்டியலில் அந்த ஆறாயிரம் என் பெயரில் உட்கார்ந்திருந்தது. துறையிலிருந்து மெயில் வந்தது. தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 ஆகாது. அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் கணக்குப் புத்தகம் வேண்டாம் என்றிருந்தது. கோடு எழுதுவது அதில் வருமா என்பதில் ஆடிட்டருக்கு ஆடிட்டர் பதில் மாறும், என்னுடையவர் வரும் என்றார். அப்படிப் போகிறவர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிட வேண்டும். ஜிஎஸ்டி, வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை தேவையில்லை, சம்பளம் அதில் சேராது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: சம்பளம் மட்டும் உள்ளவர் பழைய வரி முறை, புதிய வரி முறை என்று வருடா வருடம் மாறிக்கொள்ளலாம். தொழில் வருமானம் என்று நுழைந்துவிட்டால் அந்த வசதி போய்விடும், புதியதை விட்டு வெளியே வந்தவர் ஒரே ஒரு முறைதான் திரும்ப முடியும். வருடத்துக்கு 40,000 சம்பாதிக்கப் போய் வீட்டுக்கடன் கணக்கில் இடித்துக்கொண்ட நண்பர் ஒருவர் இருக்கிறார்.

கரூர் அண்ணா போகவில்லை. எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு அடிப்பார், சில நாள் 7.58க்கே. வருடப் பராமரிப்புக்கு 9,000 என்று கேட்டபோது, "இத்தனை வருசமா ஏன் கேக்கலைங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

போன மாசி மாதம் எட்டு மணிக்குக் கூப்பிட்டு, சுற்றி வளைத்துப் பேசினார். பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டான், கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, சைட்டை இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். "நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க தம்பி." நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, டொமைன், ஹோஸ்டிங், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதும்போதுதான் கவனித்தேன், டொமைன் இன்னும் என் பெயரிலேயே இருந்தது. மாற்றிக்கொடுத்தேன். 'ஈச்' விவகாரத்தையும் நாலு வரியில் திருத்தி அனுப்பினேன், 2023லேயே செய்திருக்க வேண்டியது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மதியம் 12 மணி. தெரியாத எண். படிக்கட்டுக்குப் போனேன், கார்டோடு.

"அண்ணா, கரூர்ல இருந்து... அப்பாவோட சைட்டுங்ண்ணா. சர்டிபிகேட் எக்ஸ்பயர்னு வருது. அப்பா மூணு தடவை போன் பண்ணிட்டாருங்க. எங்க போயி ரின்யூ பண்றதுன்னு தெரியல." மெதுவாகத்தான் பேசினான். ஆனால் குரல் மேலேயும் கீழேயும் போய்த் திரும்ப வந்தது, பின்னால் ஏதோ கனமான கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"படிக்கட்டா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஆமாங்ண்ணா."

"கார்டு எடுத்துட்டு வந்தியா?"